துணைவருக்கு ஆட்சேபணை உண்டு

பாஸ்போர்ட் ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பலகைதான். "இங்கு வருவோர் அனைவரும் புறப்படுவோர். ஆகவே நல்ல சொற்களையே பேசுக." கீழே பொடி எழுத்தில்: "மங்கலச் சொல் சுற்றறிக்கை எண் பதினான்கின்படி."

இந்தச் சுற்றறிக்கை பிறந்த கதை சின்னது. பல வருடங்களுக்கு முன் இருந்த இயக்குநர் ஒருவர் வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிளம்பினார். அன்று காலை மூன்றாம் கவுண்டரில் ஒரு ஆள், "காலைலேர்ந்து நின்னு சாவறேன்" என்று சொல்லித் தொலைத்தான். இயக்குநரின் விமானம் ஆறு மணி நேரம் தாமதம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கையைப் பிடித்து விசாரிக்கிற மனிதர் அவர். திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அந்த ஆபீசில் காகிதம் கீழே விழுவதில்லை, இறங்கும். கணினி படுத்துக்கொள்வதில்லை; ஓய்வெடுக்கும். விண்ணப்பத்தை யாரும் நிராகரிப்பதில்லை, அது "மேலும் வளர்கிறது." அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்தால் "மை நிறைஞ்சிடுச்சு" என்பார்கள். புதிதாக வந்த ஊழியர்கள் அதை நம்பி மேலும் அச்சடிக்கப் போய் வெள்ளைத்தாளோடு திரும்புவார்கள்.

இது எதுவும் தெரியாமல் அவன் போய் மூன்றாம் கவுண்டரில் நின்றான்.

பல்செட் செய்யும் கூடத்தில் அவனுக்கு வேலை. மெழுகில் ஈறு வார்ப்பான், பிளாஸ்டரில் அச்செடுப்பான், வரிசையாகப் பல் பதிப்பான். வேதியியல் பட்டதாரி. வயது முப்பத்துநாலு. கூடத்தில் எல்லாரும் அவனைப் "பல்லு" என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி பத்து நாள் காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. "இறந்து" என்று நாம் எழுதிவிட்டோம். அந்தச் சொல்லை அவன் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வீட்டுக்காரர் கேட்டபோதும் சொல்லவில்லை, பால்காரர் கேட்டபோதும் சொல்லவில்லை. "இப்ப இல்லீங்க" என்பான். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அத்தோடு முடிந்தது.

வெளிநாட்டுப் பயணம் அக்காவின் ஏற்பாடு.

"நாலே நாள்டா தம்பி. கடல், மணல், ஒரு ரூம். உன் மச்சான் டிக்கெட்டே போட்டுட்டார்."

"பாஸ்போர்ட் காலாவதிக்கா. பத்து வருஷமாச்சு பிளேன் ஏறி."

"காலாவதின்னா புதுப்பி. நீ காலாவதியாகி உட்கார்ந்திருக்கறதைவிடவா அது பெரிசு?"

"சரி" என்றான். சொன்ன கணத்தில் உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. உடனே அதன் தலையில் ஒரு குட்டு வைத்தான். வைத்து என்ன, துள்ளியது துள்ளியதுதான்.

ஏனென்றால் கடல் கேட்டவள் அவன் மனைவி. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை விமானத்தில் போனார்கள். கடைசி நாலு வருடமும் தொடர்ந்து கேட்டாள். ஒவ்வொரு வருடமும் பாஸ்போர்ட்டுக்குப் புதுப் படம் எடுத்து வைப்பாள். அவன் ஒவ்வொரு வருடமும் "கூடத்துல ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, அடுத்த வருஷம்" என்பான். "ஊர்ப் பல்லையெல்லாம் கட்டறீங்க, நாம எப்பங்க பல்லைக் காட்டிச் சிரிக்கறது?" என்று கேட்டாள் ஒரு தடவை. நல்ல நகைச்சுவை. அவன் அதைக் கூடத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். லீவு மட்டும் கேட்கவில்லை.

விமானத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

மூன்றாம் கவுண்டரில் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட அம்மா இருந்தார். விண்ணப்பத்தை மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார்.

"பழைய பாஸ்போர்ட்ல துணைவர் பேர் இருக்கு. இதுல துணைவர் கையெழுத்து இல்லையே. அவங்க எங்க?"

"இப்ப இல்லீங்க."

"இப்ப இல்லைன்னா எப்ப வருவாங்க?"

"இல்லீங்க மேடம். அவங்க... தவறிட்டாங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணில் முழுதாக இரண்டு விநாடி இரக்கம் தெரிந்தது. "ஐயோ பாவம். சின்ன வயசா இருக்கீங்களே." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்குப் புரியுது சார். சிஸ்டத்துக்குப் புரியணுமே. 'தவறியவர்'னு ஒண்ணு இருக்கு, ஆறாம் எண். அதைப் போட்டுடறேன்."

அன்று பிற்பகல் யாரோ ஒரு முதியவரின் மேல்தாடைக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. "அன்புள்ள துணைவரே, தாங்கள் நேரில் வரத் தவறியமை அறிந்தோம். வருந்த வேண்டாம். புதன் காலை 10.20க்குத் தங்களுக்குப் புதிய நேரம் ஒதுக்கியுள்ளோம். இம்முறை தவறாமல் வரவும்."

சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. புதன், பத்து இருபது என்று மனசில் குறித்துக்கொண்டான்.

புதன்கிழமை அவளுக்காகப் போனான். இந்தத் தடவை ஐந்தாம் கவுண்டர். கழுத்துப்பட்டி கட்டிய இளம் அதிகாரி. அடித்தால்கூடச் சிரித்த முகம் மாறக்கூடாது என்று பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"துணைவர் வரலையா சார்? ரெண்டாவது தடவை தவறினா விளக்கம் கேட்போம்."

அவன் வேறு சொல் தேடினான். "அவங்க மறைஞ்சுட்டாங்க, சார்."

"மறைவா?" இளைஞன் ஒரு பொத்தானை அழுத்தினான். சிரிப்பு அப்படியே இருந்தது. "மறைவுன்னா ஒன்பதாம் எண். அது பாதுகாப்புப் பிரிவு. மாடிக்குப் போங்க."

மாடியில் பெரிய மீசை வைத்த அதிகாரி காத்திருந்தார். எதிரே நாற்காலி, மேலே விளக்கு.

"எங்க மறைஞ்சிருக்காங்க?"

"அப்படி இல்ல சார்..."

"கேட்டதுக்குப் பதில். கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஒரு செவ்வாய்க்கிழமை. காலைல பத்து மணி இருக்கும்."

"என்ன டிரெஸ்?"

"பச்சை. ஆஸ்பத்திரில குடுத்தது."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டா."

மீசை எழுதிக்கொண்டே வந்தது. "சாப்பிட்டீங்களா?"

"இல்ல. ஆனா சாப்பிட்டேன்னு சொன்னேன்."

"பொய்." அடிக்கோடு போட்டார். "உங்க மேல கோபமா இருந்தாங்களா?"

இதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாரும் "உன்மேல உசிரா இருந்தா" என்றுதான் சொன்னார்கள். அவன் யோசித்தான்.

"இருந்திருக்கலாம் சார்."

"அப்படிச் சொல்லுங்க," என்றார் மீசை திருப்தியோடு. 'குடும்பத்தில் கருத்து வேறுபாடு' என்று எழுதிக் கீழே அனுப்பிவிட்டார்.

விமானத்துக்குப் பதினோரு நாள்.

அடுத்த நாள் சான்றிதழையே எடுத்துக்கொண்டு போனான். வாயால் வராததைக் காகிதம் சொல்லட்டும் என்று கணக்கு. சங்கிலிக் கண்ணாடி அம்மா அதன் தலைப்பைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தவர்போல் ஒரு கோப்பை எடுத்து அதன்மேல் கவிழ்த்தார்.

"என்ன சார் இது! தலைப்புலயே அந்த வார்த்தை போட்டிருக்கு. உள்ள வைங்க, கேமரா பார்க்குது."

"இது கவர்மென்ட் குடுத்ததுதான் மேடம்."

"அது வேற டிபார்ட்மென்ட். அவங்க என்ன வேணா பேசுவாங்க. சொல் சீரமைப்புப் பிரிவுக்குப் போய் மங்கல நகல் வாங்கிட்டு வாங்க."

சொல் சீரமைப்புப் பிரிவில் இருவர் இருந்தார்கள். ஒருவரை எல்லாரும் புலவர் என்றார்கள். தமிழில் பட்டம் பெற்றவர். பாஸ்போர்ட் ஆபீசில் தமிழுக்கு வேலை கிடைத்த பூரிப்பு முகத்திலேயே இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இதெல்லாம் இலக்கணத்துலயே இருக்கு. சுடுகாட்டை நன்காடுன்னு சொன்ன மொழி இது. நாக்கு சுடக்கூடாது பாருங்க." சான்றிதழை ஒரு நோயாளியைப் போல மெல்லப் புரட்டினார். 'இறந்தார்' என்பதை அடித்தார். பேனாவைக் கன்னத்தில் தட்டி யோசித்தார். "இயற்கை எய்தினார். எப்படி? கேட்கவே குளுகுளுன்னு இல்ல?"

காகிதம் அடுத்த மேசைக்குப் போனது. அங்கே இருந்தவர் தட்டச்சர். அவருக்கு இலக்கணம் கிடையாது; பட்டியல் உண்டு. பட்டியலில் 'இயற்கை' என்று தேடினார். ஒரே ஒரு விடைதான் வந்தது. அழுத்தினார். ஒரு சீட்டு வெளியே வந்தது.

துணைவர் நிலை: இயற்கைச் சுற்றுலாவில் உள்ளார். நாட்கள்: வரம்பில்லை.

அவன் அந்தச் சீட்டை நின்ற இடத்திலேயே பலமுறை படித்தான். அவள் கேட்டது அதைத்தான். நாலு வருடம் அவனால் முடியாததை அந்த ஆபீஸ் நாற்பது நிமிடத்தில் முடித்துக் கொடுத்திருந்தது. தப்பு என்று சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான். அன்று முழுக்கச் சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தான். மூன்றாவது தடவை பார்க்கும்போது வெட்கமாக இருந்தது.

ஆனால் சுற்றுலாவில் இருக்கிற துணைவரால் ஒரு சிக்கல் வந்தது. கணவன் ஒரு திசையிலும் மனைவி ஒரு திசையிலும் போனால், பின்னால் போகிறவர் முன்னால் போனவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கித் தர வேண்டும். விதி நாற்பத்திரண்டு. அதற்குத் தலைமை அதிகாரியைப் பார்க்க வேண்டும்.

தலைமை அதிகாரி நல்லவர். எழுந்து நின்று கை கொடுத்தார், உட்கார வைத்தார், தண்ணீர் வரவழைத்தார்.

"உங்க கேஸ் முழுக்கப் படிச்சேன். மனசு கஷ்டமா இருக்குன்னு சொல்லமாட்டேன், அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்ல. மனசு நிறைஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும் பெருமையா சொல்றேன். இருபது வருஷமா எங்க பதிவேட்டுல ஒருத்தர்கூட..." கையை மேலே காட்டினார், "...அந்த மாதிரி ஆனதில்ல. ஒரு விதவை கிடையாது, ஒரு அநாதை கிடையாது. வேற எந்த ஆபீஸ் இதைச் சொல்ல முடியும்? அதோ ஜன்னல் பக்கம் காலி நாற்காலி தெரியுதா? எங்க கணக்காளர். மூணு வருஷமா விடுப்புல இருக்கார். அந்த நாற்காலியிலேயே தலை சாய்ஞ்சார், அப்படியே விடுப்பு. வருஷா வருஷம் நினைவூட்டல் அனுப்பறோம். பதவி உயர்வுகூடக் குடுத்தோம்."

"அவங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலையா சார்?"

"அந்தம்மா வந்து அழுதாங்க. அழக்கூடாதுன்னு அன்பா சொல்லி அனுப்பினோம். நாங்க யாரையும் அழ விடறதில்ல சார். அதுதான் எங்க சேவை." ஒரு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினார். "உங்களுக்காக ஒரு சலுகை. துணைவர் தூரத்துல இருக்கறதால நீங்களே எழுதிக் குடுக்கலாம். 'என் பயணத்தில் என் மனைவிக்கு ஆட்சேபணை இல்லை.' ஒரே வரி. நாளைக்குக் கையில பாஸ்போர்ட்."

பேனாவைத் திறந்தான். 'என் பயணத்தில்' என்று எழுதினான். 'என் மனைவிக்கு' என்று எழுதினான். 'ஆட்சேபணை' என்று எழுதினான். அதற்குமேல் பேனா நகரவில்லை.

இல்லை என்று எப்படி எழுதுவது? யார் சொன்னது? அவளிடம் கேட்டானா? கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்? "ஓகோ, இப்ப மட்டும் லீவு குடுத்தாங்களா?" என்று கேட்டிருப்பாள். ஆமாம். கேட்டவுடனே கொடுத்தார்கள். முதலாளி லீவுக் கடிதத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "போயிட்டு வா பல்லு" என்றார். அதுதான் அவனைக் கொன்றது. கேட்டிருந்தால் நாலு வருடமும் கொடுத்திருப்பார்கள்.

தலைமை அதிகாரி சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

அவன் 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினான்.

கோபப்படுவார் என்று நினைத்தான். தலைமை அதிகாரியின் முகம் புது மாப்பிள்ளை முகம்போல ஆகிவிட்டது. மணியை அடித்தார். சங்கிலிக் கண்ணாடி அம்மா வந்தார், புலவர் வந்தார், மீசைகூட மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஆட்சேபணை வந்திருக்கு! விதி நாற்பத்திமூணு! அதைப் போட்டதிலிருந்து இதுதான் முதல்!"

அலமாரியின் அடியிலிருந்து ஒரு விசாரணைப் பதிவேடு வெளியே வந்தது. ஒரு பக்கம்கூட எழுதப்படாமல் மஞ்சளாகியிருந்தது. புலவர் அதைத் துடைத்துக் கொடுத்தார். விசாரணை மறுநாள் பிற்பகல் மூன்று மணி என்று முடிவானது.

அக்கா போனில் கத்தினாள்.

"உனக்கு மூளை இருக்காடா? ஒரு வரி எழுதத் தெரியாது? அவ ஏன்டா ஆட்சேபிக்கப் போறா? நீ நல்லா இருக்கணும்னுதான் அவ நினைப்பா."

"எல்லாரும் அதையே சொல்றீங்க. அவளுக்குக் கோபம் வரும்னு ஒருத்தர்கூடச் சொல்றதில்ல."



"வரும்டா," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "நல்லாவே வரும். என்கிட்டயே ஒரு தடவை சொன்னா. 'உங்க தம்பியைப் பல்லோட சேர்த்துக் கட்டி வச்சிருக்கு அண்ணி'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா." மூக்கை உறிஞ்சினாள். "போய் முடிச்சுட்டு வா. டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணமாட்டேன்."

மறுநாள் மூன்று மணிக்கு மேசைமேல் துணி விரித்திருந்தது. ஒரு பக்கம் அவனுக்கு நாற்காலி. எதிர்ப்பக்கம் ஆட்சேபணை தெரிவித்தவருக்கு நாற்காலி. அதன் முன்னால் ஒரு குவளைத் தண்ணீர் மூடி வைத்திருந்தது.

விதிப்படி ஆட்சேபணை தெரிவித்தவரை வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். அதற்குப் பியூன் அண்ணன் வந்தார். மின்பலகை வருவதற்கு முன் டோக்கன் எண்களைக் கூப்பிட்டவர். எட்டு வருடமாகத் தொண்டைக்கு வேலையில்லை. இன்று சலவைச் சட்டை போட்டு, வெந்நீர் குடித்துவிட்டு வந்திருந்தார்.

கதவைத் திறந்தார். நடைக்கூடத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மனுதாரரின் துணைவர்!"

கட்டடம் அதிர்ந்தது. என்ன குரல்! எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

"மனுதாரரின் துணைவர்!"

ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. யாரும் வரவில்லை.

"அவசரப்பட வேண்டாம்," என்றார் தலைமை அதிகாரி. "பக்கத்துல டீ குடிக்கப் போயிருப்பாங்க. பத்து நிமிஷம் பார்க்கலாம். பஸ் கிடைக்கலையோ என்னமோ."

"சார்," என்றான் அவன்.

"சொல்லுங்க."

"அவ செத்துட்டா சார்."

சங்கிலிக் கண்ணாடி அம்மாவின் கையிலிருந்து பேனா விழுந்தது. இறங்கவில்லை, விழுந்தது. புலவர் கண்ணை மூடிக்கொண்டார். கூரை இடியவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவன் அந்தச் சொல்லைத் தானே கேட்டுப் பார்த்தான். எவ்வளவு சின்னச் சொல். இரண்டு வருடம் இதையா தூக்கிக்கொண்டு திரிந்தோம்?

"ரெண்டு வருஷம் ஆச்சு. காய்ச்சல். செத்துட்டா."

"குறிப்புல ஏத்தாதீங்க," என்றார் தலைமை அதிகாரி அவசரமாக. "மூணாவது கூப்பாடு போடுங்க."

பியூன் அண்ணன் கதவிலிருந்து கையை எடுத்தார். "மாட்டேன் சார்."

"என்னய்யா?"

"தெரியாம ரெண்டு தடவை கூப்பிட்டுட்டேன். தெரிஞ்சப்புறம் கூப்பிட மாட்டேன். செத்தவங்களைக் கூப்பிட நான் யாரு சார்? மெமோ குடுங்க, வாங்கிக்கறேன்."

"மூணாவது கூப்பாடு இல்லாம ஆட்சேபணையைத் தள்ளுபடி பண்ண முடியாது. தள்ளுபடி ஆகாம பாஸ்போர்ட் கிடையாது. மத்தியான நேரத்துல என்னய்யா இது வம்பு!"

அவன் எழுந்தான். வாசலுக்குப் போனான். பியூன் அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.

நடைக்கூடத்தில் நாற்பது பேர் அவனையே பார்த்தார்கள். துணைவர் என்று அவன் கூப்பிடவில்லை. அவள் பெயரையும் கூப்பிடவில்லை. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. வெளியே கிளம்பும்போது அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். அவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். அப்போது ஒன்று கேட்பான். அதையே கேட்டான்.

"கிளம்பிட்டியா?"

குரல் அவ்வளவு பெரிதாக வரவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு பெண் பாதி எழுந்து, தன்னை இல்லை என்று தெரிந்து உட்கார்ந்தாள். அவன் வழக்கமாகக் காத்திருக்கும் அளவுக்குக் காத்திருந்தான். அவள் எப்போதும் நேரமாக்குவாள்.

பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"வரலை சார்."

"ஆட்சேபணை தெரிவித்தவர் மூன்று முறை அழைத்தும் வராததால் ஆட்சேபணை தள்ளுபடி செய்யப்படுகிறது," என்று தலைமை அதிகாரி சொல்ல, புலவர் எழுதினார். மூடி வைத்த தண்ணீரை யாரும் எடுக்கவில்லை.

சங்கிலிக் கண்ணாடி அம்மா ஒரு படிவத்தை அவன் முன் வைத்தார். அச்சிட்ட ஒரே ஒரு வரி. 'மேற்கண்ட தள்ளுபடியை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

அவன் 'மகிழ்ச்சியுடன்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தான். கையெழுத்துப் போட்டான்.

அம்மா கேமராவைப் பார்த்தார், தலைமை அதிகாரியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து மெல்லச் சொன்னார்.

"அடிச்ச இடத்துல ஒரு சின்னக் கையெழுத்து போடணும் சார். இல்லைன்னா செல்லாது."

போட்டான்.